இரண்டு விரல் தண்ணீர்

கேட்டிருக்கவே கூடாது. வேலை இல்லை என்று சொன்னால் சரி என்று வாயை மூடிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்.

ஆனால் அந்த மெயிலின் கடைசி வரி அப்படி இருந்தது. "தங்களைப் பற்றிய எங்கள் கருத்தை அறிய விரும்பினால் தயங்காமல் கேளுங்கள்." தயங்காமல் என்று அவர்களே போட்டிருந்தார்கள். நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

இப்போது அம்மா என் பக்கத்தில் தூங்குகிறாள். தம்பி அவள்மேல் காலைப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். செல்போன் வெளிச்சத்தைக் குறைத்துப் போர்வைக்குள் வைத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து வந்த மெசேஜுக்கு விடிவதற்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். நான் சம்மதித்தால் அம்மாவுக்கு வேலை போய்விடும். வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற ஒரே ஆள் அம்மா. அவளுக்கு இது இன்னும் தெரியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும் போலிருக்கிறது.

அது கருத்துக் கேட்கிற கம்பெனி. நீங்கள் ஒரு ஃபேன் வாங்கியிருப்பீர்கள். மறுநாள் போன் வரும். "எங்கள் சேவை எப்படி இருந்தது? ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை மார்க் கொடுப்பீர்கள்?" ஃபேன் விற்றவருக்கு அதைக் கேட்க நேரம் கிடையாது. அதனால் கேட்பதற்கென்றே இந்தக் கம்பெனியை வைத்திருக்கிறார். மாடி மாடியாக உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்கக் கேட்கிறார்கள். வாசல் சுவரில் பெரிய எழுத்தில் "கேட்பதே எங்கள் மூச்சு" என்று எழுதியிருக்கும்.

உள்ளே எந்தக் கதவுக்குப் போனாலும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் மூன்று முகங்கள். பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் முகம் சும்மா இருக்கும், சிவப்பு முகம் உர்ரென்று இருக்கும். பாத்ரூம் போய்விட்டு வந்தாலும் ஏதாவது ஒரு முகத்தை அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

அம்மா அங்கே மூன்றாவது மாடி பேன்ட்ரியில் இருக்கிறாள். டீ போடுவது, தண்ணீர் கொடுப்பது, டம்ளர் கழுவுவது. பேன்ட்ரி வாசலிலும் அந்தப் பெட்டி உண்டு. சிவப்பு அதிகமானால் மெமோ வரும். ஒருமுறை யாரோ ஷூ லேஸ் கட்டுவதற்காகப் பெட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறார். வரிசையாகச் சிவப்பு விழுந்துவிட்டது. இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு வெறுப்பைச் சம்பாதித்தது எப்படி என்று அம்மாவிடம் விளக்கம் கேட்டார்கள். அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் அங்கே வேலை பார்க்கக் கூடாது. ஒருவருக்கொருவர் பச்சையை அழுத்திக்கொள்வார்களாம். இருந்தாலும் போன் பேசுகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாதான் என்னைப் போகச் சொன்னாள்.

"யாருக்குத் தெரியப் போகுது? நீ சத்தமில்லாம போன்ல பேசப் போற, நான் சத்தமில்லாம டம்ளர் கழுவப் போறேன். ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்கு? உள்ள வந்தா நான் உனக்கு யாரோ. அம்மான்னு மட்டும் வாய்ல வந்துடக் கூடாது. வந்துச்சுன்னா ரெண்டு பேருமே வீட்ல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்க வேண்டியதுதான்."

இன்டர்வியூ அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர். அவருக்கு வலதுபக்கம் மனிதவள மேடம். மூலையில், சட்டைப் பையில் ஸ்கேல் சொருகியிருந்த ஓர் ஆள். மற்ற இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஸ்கேல்காரர் மட்டும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. அம்மா ட்ரேயோடு வந்தாள்.

"தண்ணி எடுத்துக்கங்க மேடம்."

காலையில் இதே வாய்தான் என்னை "எருமை, எந்திரி" என்று எழுப்பியது. டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் இருந்தது. பயந்தால் எனக்குத் தொண்டை காய்ந்துவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். நான் "தேங்க்ஸ்" என்றேன். அம்மாவுக்கு என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் தேங்க்ஸ் அது. பாதி குடித்தேன். கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொன்னேன். தலைவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கிடைக்கவில்லை. "தங்களைவிடத் தகுதியானவர்கள்" என்று மெயில் வந்தது. அம்மா விட்டுத் தள்ளச் சொன்னாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. என் குரல் சரியில்லையா, பேச்சு சரியில்லையா, எதைத் திருத்திக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். வேறு எந்தத் திமிரும் இல்லை.

மனிதவள மேடம் போன் செய்தார். எடுத்ததும், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றார். அழைத்தது அவர்தான். பழக்கதோஷம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, யார் சொல்லி இதைக் கேட்டேன் என்று விசாரித்தார். நீங்கள்தான் கேட்கச் சொல்லியிருந்தீர்கள் என்றேன்.

"அது எல்லாருக்கும் போடறதும்மா. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. எல்லாரும் நாகரிகமானவங்க."

கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வாங்க முடியாதாம். கேள்வி கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. ஏறிய கேள்விக்குக் கமிட்டி போட வேண்டும். நான் நேரில் வர வேண்டும்.

முதல் கமிட்டியில் ஒரு சிக்கல் வந்தது. அவர்களுக்குக் கருத்துக் கேட்கத் தெரியும். சொல்லிப் பழக்கமில்லை. மேடம் முன்னாலிருந்த தாளில் எல்லாமே கேள்வியாகத்தான் இருந்தது. அதனால் என்னையே கேட்டார்.

"காரணம் தெரிஞ்சுக்கணும்னு எவ்வளவு ஆசைப்படறீங்க? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

பத்து என்றேன். பத்து என்றால் ஆத்திரம், ஆத்திரக்காரர்களுக்குச் சொல்ல விதியில்லை என்றார். ஐந்து என்றேன். ஐந்து என்றால் அக்கறையில்லாதவர், அக்கறையில்லாதவருக்கு எதற்கு நேரத்தை வீணாக்குவது என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டுக்கு என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை. இதுவரை எட்டு சொன்னவர்களிடம் நன்றி சொல்லிப் போனை வைத்திருக்கிறார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. கேட்டுட்டீங்க. சொல்லிடறோம். நாங்க யாரையும் பேச்சை வெச்சு எடுக்கறதில்ல. பேச்சு பொய் சொல்லும். தண்ணி பொய் சொல்லாது."

எனக்குப் புரியவில்லை.

"டம்ளரை வெப்போம். மொத்தத்தையும் குடிச்சா பேராசைக்காரன், அடுத்தவனைப் பேச விடமாட்டான். தொடவே இல்லன்னா கம்பெனி மேல நம்பிக்கை இல்லாதவன். ரெண்டு விரல் தண்ணி மிச்சம் வெச்சா அவன்தான் நம்ம ஆளு. இதைக் கண்டுபிடிச்சதுலேருந்து பதிலைக் கேக்கறதையே நிறுத்திட்டோம். கேட்டா பாரபட்சம் வந்துடும் பாருங்க."

நான் பேசும்போது தலையாட்டினீர்களே என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"அது கழுத்துக்கு. டாக்டர் ஆட்டச் சொல்லியிருக்கார்."

ஸ்கேல்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். அவருடைய வேலையே அதுதானாம். இன்டர்வியூ முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு தனியாக வந்து டம்ளரில் விரலை வைத்து அளப்பார். சந்தேகம் வந்தால் ஸ்கேல். "என் விரல்தான் கணக்கு" என்றார் அடக்கமாக. "எனக்கு முன்னாடி இருந்தவருக்கு விரல் ஒல்லி. அப்போ சேந்தவங்க எல்லாம் கொஞ்சம் சுமார்தான்."

நான் பாதிதான் குடித்தேன் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் என் டம்ளரைப் பற்றிச் சொன்னார். அதில் தண்ணீரே இல்லை. ஈரம்கூட இல்லை. கழுவித் துடைத்து, ஒரு துணியின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்தத் துணி நாலாக மடித்து ஒரு முனை உள்ளே சொருகியிருந்தது.

துணியை நாலாக மடித்து, நழுவாமலிருக்க ஒரு முனையை உள்ளே சொருகுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தி அப்போது கதவுக்கு வெளியே டீ ட்ரேயோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இது சாதாரண விஷயமில்ல" என்றார் தலைவர். "ஒருத்தரோட மொத்தத் தகுதியும் அந்தத் தண்ணியில இருந்துச்சு. அதை யாரோ சாக்கடையில ஊத்திட்டாங்க. அது யாருன்னு கண்டுபிடிக்காம உங்களுக்குக் கருத்துச் சொல்ல முடியாது. பேன்ட்ரி ஆளா இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

நான் எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றேன். மேடம் அதைக் குறித்துக்கொண்டு, ஆர்வம் எட்டிலிருந்து குறைந்தது ஏன் என்று அதற்குத் தனியாக ஒரு விசாரணை போட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஸ்கேல் சார் வந்து பாக்கற வரைக்கும் டம்ளரைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கதான். டம்ளர் எண்ணிக்கை பாப்பாருன்னு நெனச்சுட்டு இருந்தேன். நீ குடிச்ச டம்ளர்ல உன் உதட்டு அடையாளம் அப்படியே இருந்துச்சுடி. பொம்பளப் புள்ள டம்ளரை இப்படியா அழுக்காக்கி வெச்சுட்டுப் போகும்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு கை தானா போயிடுச்சு. மத்தவங்க டம்ளரை எல்லாம் தொடலியே நான்."

எனக்கு நல்ல பெயர் வாங்கித் தரத்தான் கழுவியிருக்கிறாள். அதற்குமேல் எப்படிக் கோபப்படுவது? நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொன்னால் ஏன் இந்த டம்ளரை மட்டும் தொட்டாய் என்று கேட்பார்கள், அப்புறம் நாம் யார் யாருக்கு என்ன என்பதும் வெளியே வந்துவிடும் என்றேன். அம்மா மறுபடி வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் நறுக்கினாள்.

இன்றைக்குத்தான் கடைசி விசாரணை. தலைவர், மேடம், ஸ்கேல்காரர். எதிரே நான். அம்மாவைச் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார்கள், கையில் ட்ரேயோடு. சாட்சி சொல்ல வந்தவள் வந்ததுதான் வந்தாள், தண்ணீரும் கொடுத்துவிடட்டும் என்று.

தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"நாங்க எத்தனையோ லட்சம் பேர்கிட்ட கருத்துக் கேட்டிருக்கோம். ஒருத்தர்கிட்டயாவது ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டிருக்கோமா? ஒருத்தர் சொன்னதை வெச்சு எதையாவது மாத்தியிருக்கோமா? கிடையாது. கேக்கறது வேற, தெரிஞ்சுக்கறது வேற. தெரிஞ்சுக்க ஆரம்பிச்சா அப்புறம் கம்பெனி நடத்த முடியாது. இந்தப் பொண்ணு அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சு. பரவாயில்ல, சின்ன வயசு." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "டம்ளரைக் கழுவினது யாரு?"

ட்ரேயில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அம்மாவின் வாய் திறப்பதைப் பார்த்தேன்.

"நான்தான் சார்" என்றேன். "நான்தான் கழுவினேன். எல்லாரும் எழுந்து போனதும் கழுவி வெச்சுட்டுப் போனேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். மேடம் பேனாவை மூடினார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்கேல்காரர் கையைத் தூக்கினார். வாயால் சொல்வதை இந்தக் கம்பெனி நம்புவதில்லையே, கழுவிக் காட்டச் சொல்லலாமே என்றார்.

ஒரு வாளியில் தண்ணீர் வந்தது, சோப்பு வந்தது, துணி வந்தது. மேஜைமேல் பேப்பரை விரித்தார்கள். மூன்று அதிகாரிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார, நான் ஒரு டம்ளரைக் கழுவினேன். இன்டர்வியூவில் நான் பேசியபோது இவ்வளவு கவனமாக யாரும் என்னைப் பார்க்கவில்லை. விளிம்பை இரண்டு விரலால் தேய்த்தேன். அடியைத் தேய்த்தேன். துடைத்தேன். துணியை நாலாக மடித்தேன். எப்படி மடிக்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. வீட்டில் தினமும் மடிப்பதுதானே. ஒரு முனையை உள்ளே சொருகி டம்ளரைக் கவிழ்த்தேன்.

மேடம் எழுந்து வந்து என் துணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக அம்மாவிடம் போய், ட்ரேயில் டம்ளர்களுக்கு அடியிலிருந்த துணியைப் பார்த்தார். மறுபடி என் துணி. மறுபடி அம்மாவின் துணி.

"சார், ரெண்டும் ஒரே மடிப்பா இருக்கு. ரெண்டு பேருக்கும் எப்படி?"

அந்த அறையில் ஏசி ஓடுகிற சத்தம் லாரி ஓடுவது போல் கேட்டது.

தலைவரும் இரண்டு துணிகளையும் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"இதான் தரம்! தரம்னு ஒண்ணு இருந்தா எங்க போனாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குறிச்சுக்கோங்க, நம்ம பேன்ட்ரி உலகத் தரத்துல இருக்கு."

மேடம் குறித்துக்கொண்டார். அதோடு எங்களை விட்டிருக்கலாம். தலைவர் உட்காரப் போனவர், ஏதோ ஞாபகம் வந்தது போல அம்மாவிடம் கேட்டார்.

"அப்போ நீங்க கழுவல?"

அம்மா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இல்லைங்க சார்."

"டம்ளர் கழுவறதுதானே உங்க வேலை?"

"ஆமாங்க சார்."

"அப்போ வேலை கேட்டு வந்த பொண்ணு உங்க வேலையைப் பாக்கற வரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

இதை நான் யோசிக்கவே இல்லை. கழுவினால் சான்றை அழித்த குற்றம். கழுவாவிட்டால் வேலை செய்யாத குற்றம். அம்மா ட்ரேயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். போகும்போது என் பக்கம் குனிந்து, "டம்ளரை எடுத்துக்கட்டுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் மெசேஜ் வந்தது. அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

"தாங்கள் விரும்பிக் கேட்ட எங்கள் கருத்து: தாங்கள் டம்ளரை மிகச் சிறப்பாகக் கழுவுகிறீர்கள். தங்கள் பேச்சுத் திறன் குறித்து எங்களிடம் கருத்து இல்லை, நாங்கள் கேட்கவில்லை. மூன்றாம் மாடி பேன்ட்ரிப் பணிக்குத் தங்களைத் தேர்ந்தெடுத்திருப்பதில் மகிழ்கிறோம். அங்கு தற்போது இருப்பவர் டம்ளர் கழுவாதவர் என்று விசாரணையில் தெரியவந்ததால், தாங்கள் சேரும் அன்று அவர் விடுவிக்கப்படுவார். தாங்கள் மறுத்தால், வேறு ஆள் இல்லாததால் அவரே தொடர்வார். விடிவதற்குள் பதில் வராவிட்டால் சம்மதம் எனக் கொள்வோம்."

அடியில் இரண்டு முகங்கள். பச்சை ஏற்கிறது. சிவப்பு மறுக்கிறது.

சிவப்பை எப்போதோ அழுத்திவிட்டேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. அழுத்தியதும் இன்னொரு பக்கம் திறந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"வருந்துகிறோம்! எங்களை ஏன் வேண்டாம் என்றீர்கள்? உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். காரணம் எழுதாமல் மறுப்பு பதிவாகாது."

பிடித்த வேலை இல்லை என்று எழுதினேன். எது பிடிக்கும் என்று கமிட்டி போடுவார்கள். அழித்தேன். உடம்பு சரியில்லை என்று எழுதினேன். டம்ளர் கழுவிய கைக்கு என்ன ஆனது என்று கூப்பிடுவார்கள். அழித்தேன். அது என் அம்மா என்று எழுதினேன். அந்த மூன்று வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். மேற்கொண்டு யாரும் ஒரு கேள்வியும் கேட்க முடியாத காரணம் ஒன்று வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"இன்னும் தூங்கலியாடி?"

போர்வை விலகியது. அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் ஒன்றும் கேட்காமல் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். விளிம்பு வரைக்கும் இருந்தது. குடித்தேன். பழக்கமே இல்லாமல், அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து நீட்டினேன்.

அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தாளு விரலுக்கெல்லாம் எதுக்குடி மிச்சம் வெக்கிற? கடைசிச் சொட்டு வரைக்கும் குடி."

குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டே, இந்த நேரத்தில் யாருக்கு மெசேஜ் என்று கேட்டாள். கம்பெனிக்கு, கருத்துக் கேட்கிறார்கள் என்றேன்.

"நல்லதா எழுது. பாவம், அவங்களையும் மேல யாராவது கேப்பாங்க."

அம்மா சமையலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. நான் எழுதினேன்: "எனக்குத் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடிக்கிற பழக்கம்."

அனுப்பினேன். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. தொண்டை மறுபடி காய்ந்தது. பிறகு வந்தது: "காரணம் ஏற்கப்பட்டது. தங்களுக்கு எங்கள் நிறுவனம் பொருந்தாது. விசாரணை முடிக்கப்பட்டது."

உள்ளே அம்மா துணியை மடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.